பேச ஆளில்லாத செலவு

தகர டப்பா கம்பெனியில் அவருக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. செலவுக் கட்டுப்பாட்டு அதிகாரி என்பது பதவி. காகிதக் குவளை, கை துடைக்கும் துணி, காவலாளியின் டார்ச் பேட்டரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிவந்ததால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. முதுகுக்குப் பின்னால் கத்தரி, முகத்துக்கு நேரே சார். நாம் இரண்டையும் சேர்த்துக் கத்தரியார் என்றே வைத்துக்கொள்வோம். கிண்டலும் ஆச்சு, மரியாதையும் ஆச்சு.

பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமைதான் வந்தது. நாலு பேர் நம்மைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றால் நாம் ஏதோ உருப்படியாகச் செய்கிறோம் என்று நினைக்கிற ரகம் அவர்.

வெட்டுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வருடத்துக்கு ஒருநாள் மேல்மாடி அறையில் கூட்டம் போடுவார். மேஜைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. எந்தச் செலவாக இருந்தாலும் அதை அனுபவிக்கிற ஆள் நேரில் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதற்காகப் பேச வேண்டும். இது எதற்கு, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டே கேள்வி. பதில் சரியாக இருந்தால் செலவு பிழைக்கும். பேச ஆளே வரவில்லை என்றால், "ஆள் இல்லை, வெட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்.

இந்த முறையில் அவர் செய்த மகா சாதனை, தொழிலாளர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸை நிறுத்தியது. இரண்டு வருடத்துக்கு முந்தின கதை. டீசல், ஓட்டுநர் சம்பளம், பழுது பார்ப்பு என்று கம்பெனியின் பெரிய செலவுகளில் ஒன்று அது. அன்றைக்கு அதற்காகப் பேச ஒரு ஜீவன்கூட வரவில்லை. வெட்டினார். முதலாளி கையால் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசாக வந்தது. அது இன்றைக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். இரண்டு வருடமாக இரவு வேலை. காலையில் அவள் வீட்டுக்குள் நுழையும்போது இவர் கிளம்பிக்கொண்டிருப்பார். அவள் செருப்பைக் கழற்றுவதற்கும் இவர் ஷூ மாட்டுவதற்கும் ஆகும் நேரம்தான் அவர்களுடைய இல்லற வாழ்க்கை. அதற்குள் கேஸ் தீர்ந்துவிட்டது, பிள்ளைக்குப் பரீட்சை, குழாய் ஒழுகுகிறது என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

"லேட்டாகுது. சாயங்காலம் பேசலாமே?"

"சாயங்காலம் நீங்க வர்றப்ப நான் கிளம்பிட்டிருப்பேன். இப்பவே கேட்டுக்குங்க. பகல் டூட்டியில ஒரு இடம் காலியாகுது. மொதல்ல என்னைத்தான் கேட்டிருக்காங்க. திங்கக்கிழமை காலைல பதில் சொல்லணும். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"நல்ல விஷயம்தானே!"

"நைட் டூட்டிக்குக் கொடுக்கிற அலவன்ஸ் போயிடும்."

கத்தரியார் கட்டிக்கொண்டிருந்த ஷூ கயிற்றை அப்படியே விட்டார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன வாரம் ஒரு மருந்தை மாத்தி எடுத்துட்டேங்க. ரெண்டு டப்பாவும் ஒரே நிறம். சின்னக் குழந்தைக்கு வாங்க வந்த மருந்து. கையில கொடுத்தே விட்டேன். அந்த அம்மாதான் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இது எப்பவும் கொடுக்கிறது இல்லையே'ன்னு கேட்டாங்க. அவங்க கேக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தூக்கம் பத்தலை. என்னால முடியலை."

அவர் ஷூ கயிற்றை மறுபடி கட்டத் தொடங்கினார்.

"செலவைக் குறைக்கிறதுதானே உங்க வேலை? அந்த அலவன்ஸ் இல்லாம வீடு ஓடுமான்னு பாத்துச் சொல்லுங்க. ஓடும்னா சரின்னு சொல்லிடறேன். ஓடாதுன்னா..." மீதியைச் சொல்லாமல் குளியலறைக்குப் போய்விட்டாள்.

"எங்கிட்ட விடு!" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார் கத்தரியார். நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலை செய்கிற கம்பெனியையே மேய்க்கிறவருக்கு நாலு பேர் இருக்கிற வீடு எம்மாத்திரம்? காரில் ஏறும்போது விசிலடித்துக்கொண்டே ஏறினார் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். வீட்டு வரவு நூறு என்றால் வாடகைக்கு முப்பது போகிறது. காருக்கு இருபத்திரண்டு; கடன் தவணை, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், நிறுத்தக் கட்டணம் எல்லாம் இதில் சேர்த்தி. சாப்பாட்டுக்கு இருபது. மகள் படிப்புக்குப் பன்னிரண்டு. மிச்சம் இருப்பதில் மின்சாரம், போன், மருந்து, மாயமாய்ப் போகிற சில்லறை. மனைவியின் இரவு அலவன்ஸ் பதின்மூன்று. ஆக, எங்கேயாவது பதின்மூன்றைப் பிடுங்க வேண்டும்.

பெரிய செலவில் முதலில் கை வை என்பதுதான் கம்பெனியில் அவர் ஊருக்கெல்லாம் சொல்லும் உபதேசம். வீட்டுக் கணக்கில் அவர் கை வாடகையில் இறங்கியது. மகளின் பள்ளிக்குப் பக்கம் இருக்கிற வீடு, தொட முடியாது. அடுத்தது கார். அங்கே வந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் நேராகச் சோப்புக்குப் போய்விட்டார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒட்டிப் புதுச் சோப்பு செய்தார். பற்பசைக் குழாயை நிஜக் கத்தரியாலேயே வகுந்து உள்ளே வழித்தார். கூடத்திலும் நடையிலும் பல்புகளைக் கழற்றிவிட்டார். வீட்டில் கூட இருந்த மைத்துனன் இருட்டில் முழங்காலை இடித்துக்கொண்டு 'அக்கா!' என்று அலறினான். அக்காதான் ஆஸ்பத்திரியில் இருந்தாளே, யார் வருவார்கள்? இந்த மைத்துனன் ஒரு மரச்சாமான் கடையில் விற்பனையாளன். வேறு வீடு கிடைக்கிறவரை ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லி வந்தவன். வந்து ஒரு வருடம் ஆகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பார்த்தார். அத்தனை அட்டகாசத்துக்கும் மிஞ்சியது நூற்றில் ஒன்றுகூட இல்லை. கத்தரியார் தளரவில்லை. வீட்டிலும் வெட்டுக் கூட்டம் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, சாப்பாட்டு மேஜை, எல்லாரும் வர வேண்டும் என்று அறிவித்தார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி காதில் அது விழுந்ததா என்று அவர் பார்க்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேஜையின் இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போடப்பட்டது. மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்குகிறவள், வீட்டிலும் வாயை மூடுவது அபூர்வம். அவள் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

முதல் செலவு முட்டை. மைத்துனன் நாற்காலியில் வந்து பவ்யமாக உட்கார்ந்தான்.

"ஒரு நாளைக்கு நாலு முட்டை. இது எதுக்கு?"

"மாமா, கடையில பீரோவை நகர்த்தறேன், கட்டிலை நகர்த்தறேன். சேல்ஸ்மேன்னு பேருதான்."

"இல்லைன்னா என்ன ஆகும்?"

"நகராது மாமா."

இரண்டு முட்டைக்குக் குறைத்தார். மகளின் போன் கட்டணத்துக்கு மகள் வந்து பேசினாள். இரண்டே நிமிடத்தில் அவரையே ஒப்புக்கொள்ள வைத்து, கூடுதலாக ஒரு வரைபட நோட்டுக்கும் சம்மதம் வாங்கிக்கொண்டு போனாள். கத்தரியாருக்கு இது முதல் சறுக்கல். தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததை எடுத்தார்.

"ஆட்டோ. பஸ் ஸ்டாப்பிலேருந்து வீட்டுக்கு. மாசத்துல எட்டு, பத்து தடவை. யார் பேசறா?"

அது மனைவியின் செலவு. இரவெல்லாம் நின்றுவிட்டு, நடக்கக் கால் வராத நாட்களில் மட்டும் அவள் ஆட்டோ ஏறுவாள். நாற்காலி காலியாக இருந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

"ஆள் இல்லை, வெட்டு," என்றார் கத்தரியார், பழக்க தோஷத்தில்.

"அப்பா!" மகள் சோபாவிலிருந்து எழுந்துவிட்டாள். "அம்மா தூங்கறாங்க. இப்பத்தான் வந்து படுத்தாங்க."

"கூட்டம் ஒன்பது மணிக்குன்னு நேத்தே சொன்னேனே?"

"நைட் டூட்டி பாக்கிறவங்களுக்குக் காலைல ஒன்பது மணிக்குக் கூட்டம் வச்சா எப்படி வந்து பேசுவாங்க? நீ ராத்திரி ரெண்டு மணிக்கு வை. அம்மா வருவாங்க, நீ வருவியா?"

கத்தரியார் அடுத்த செலவுக்குப் போகவில்லை. மகள் வாயாடியதால் அல்ல. இதே விஷயம் வேறொரு இடத்தில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

கம்பெனி பஸ் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பும். அதற்கான வெட்டுக் கூட்டத்தையும் அவர் அன்றைக்கு ஐந்தரைக்குத்தான் வைத்திருந்தார். பஸ்ஸுக்காகப் பேச மாடிக்கு வந்தால் பஸ்ஸை விட வேண்டும். பஸ்ஸைப் பிடிக்கப் போனால் பஸ்ஸுக்காகப் பேச முடியாது. அத்தனை பேரும் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். இவர் காலி நாற்காலியைப் பார்த்து, 'ஆள் இல்லை, வெட்டு' என்றார். அதோடு முடிந்ததா? தினமும் அதே பஸ்ஸில் போகிறவர்தானே அவரும்! கூட்டம் முடிந்து கீழே வந்தால் பஸ் போய்விட்டிருந்தது. மழையில் ஒரு கிலோமீட்டர் நடந்து ஆட்டோ பிடித்தார். அப்போதாவது மூளையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்ததை நினைத்து வயிறெரிந்ததோடு சரி.

"என்ன சத்தம்?"

படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு மனைவி நின்றாள். முடி அவிழ்ந்து கிடந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. மகள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் காலி நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சோபாவில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

"ஆட்டோவை வெட்டிக்குங்க, பரவாயில்லை. காருக்கு யாரு பேசறா?"

மைத்துனன் மேஜைமேல் இருந்த உப்புக் குப்பியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது... அது பெரிய விஷயம். தனியா ஒருநாள் உக்காந்து..." என்று இழுத்தார்.

"நீதானேப்பா சொல்வே? யார் அனுபவிக்கிறாங்களோ அவங்க வந்து பேசணும்," என்றாள் மகள். "நான் நடந்து ஸ்கூலுக்குப் போறேன். அம்மா பஸ். மாமா சைக்கிள். கார்ல யார் போறா?"

வேறு வழி இல்லை. கத்தரியார் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அந்த நாற்காலியில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே புரிவதில்லை. இத்தனை வருடமாக எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் ஏன் விரலைப் பிசைந்தார்கள் என்பது இப்போது விளங்கியது. அவர் காலி செய்த இடத்தில் மகள் ஏறி உட்கார்ந்தாள். முகத்தை வேறு கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க சார். கார் எதுக்கு?"

"ஆபீஸுக்குப் போக. அப்புறம் குடும்பத்துக்கு ஒரு அவசரம்னா..."

"போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எதுல போனோம்?"

"ஆட்டோவுல," என்றான் மைத்துனன், கேட்காமலே.

"கார் எங்க இருந்துச்சு?"

"ஆபீஸ்ல."

"நாம நாலு பேரும் கார்ல எத்தனை தடவை போயிருக்கோம்?"

கத்தரியார் யோசித்துப் பார்த்தார். பின் சீட்டுக்குக் கடையில் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல், "ஒரு கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது சகிக்கவில்லை. கம்பெனியில் ஒருவன் வந்து இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அவனை எப்படி வறுத்தெடுத்திருப்பார் என்று தெரியும்.

அடுத்த கேள்வியை மனைவி கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, சாய்ந்த மேனிக்கே கேட்டாள்.

"காரை எப்ப வாங்கினோம்?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"எதுக்கு வாங்கினோம்?"

"கம்பெனி பஸ் நின்னுபோச்சு இல்லையா?"

"பஸ்ஸை யாரு நிறுத்தினது?"

சுவர்க்கடிகாரம் பின்தங்கி ஓடுகிற சத்தம் கேட்டது.

"நான்தான்."

"நான் எப்ப நைட் டூட்டிக்கு மாறினேன்?"

கார்க் கடனுக்கு முதல் தவணை கட்ட வேண்டிய மாதத்தில்தான் அவள் மாறினாள். 'கொஞ்ச நாளைக்குத்தான், பாத்துக்கலாம்' என்று அன்றைக்குச் சொன்னது அவள் இல்லை, அவர்தான்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை," என்றாள் அவள். இப்போது கண்ணைத் திறந்திருந்தாள். "கம்பெனி பஸ் நின்ன மறுநாள் எல்லாரும் டவுன் பஸ்ல போனாங்க. நீங்களும் போயிருக்கலாமே? நம்ம ஸ்டாப்பிலேருந்து நேரா போகுதே. ஏன் போகலை?"

கத்தரியார் பூசி மெழுகப் பார்த்தார். கூட்டம் அதிகம், நேரத்துக்கு வராது, சட்டை கசங்கும் என்று மூன்று காரணம் தயாராக இருந்தது. மனைவியின் கன்னத்தில் இருந்த தலையணைக் கோட்டைப் பார்த்தார். மூன்றையும் விழுங்கிவிட்டார்.

"வெக்கமா இருந்துச்சு," என்றார். "அவங்க முகத்தைப் பாக்க முடியாதுன்னு தோணுச்சு. டப்பா மூடிப் பிரிவுல ஒரு அம்மா இருக்காங்க. கம்பெனி பஸ்ல தினம் எனக்குப் பக்கத்து சீட்டு. அவங்க டவுன் பஸ்ல நின்னுட்டு வர்றதைப் பாத்துட்டு நான் அதே பஸ்ல எப்படிப் போறது? ஒளிஞ்சுக்கறதுக்காக வாங்கினேன் காரை."

"உங்க கம்பெனிக்கு நீங்க மிச்சம் பிடிச்சுக் கொடுத்தீங்க," என்றாள் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. "அதுக்கு நான் ரெண்டு வருஷமா கண் முழிச்சுக்கிட்டிருக்கேன்."

கத்தரியாருக்கு அழுகை வந்தது. மகள் முன்னால், மைத்துனன் முன்னால், கடிகாரம் முன்னால் வந்தது. ஊரார் வீட்டுச் செலவையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர், தன் மனைவி இரண்டு வருடம் தூங்காததைப் பார்க்கவில்லை. அவருடைய கணக்கில் அது வரவுப் பக்கத்தில் அல்லவா இருந்தது, பதின்மூன்று என்று!

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். நாற்காலியை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். காலி நாற்காலியைப் பார்த்தார்.

"ஆள் இல்லை," என்றார். "வெட்டு."

மகள் பெரிய மனுஷியாகத் தலையை ஆட்டினாள். அப்புறம் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை மனைவி ஆஸ்பத்திரியில் சரி என்று சொன்னாள். காரை மைத்துனனுடைய கடை முதலாளியே எடுத்துக்கொண்டார். கடனை அடைத்தது போகக் கையில் நின்றது கொஞ்சம்தான். "பின் சீட்டு புத்தம் புதுசா இருக்கே!" என்று அவர் வியந்தபோது மைத்துனன் இருமலில் சிரிப்பை மறைத்தான். அந்த உபகாரத்துக்காக அவனுக்கு நாலு முட்டையும் திரும்பக் கிடைத்தது.

அடுத்த மாதம் முதல் நாள் காலையில் கத்தரியாரும் மனைவியும் ஒன்றாக வீட்டை விட்டு இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பஸ். அவருடைய கம்பெனி முதலில் வரும், அவளுடைய ஆஸ்பத்திரி அதைத் தாண்டி. அவள் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு நடந்தாள். அவர் தூக்கு மேடைக்குப் போகிறவர்போல் நடந்தார்.

பஸ் ஸ்டாப்பில் தகர டப்பா கம்பெனியே நின்றது. தகரம் வெட்டுகிறவர்கள், வண்ணம் பூசுகிறவர்கள், கிடங்கு ஆட்கள் எல்லாம் அங்கே. இவரைப் பார்த்ததும் பேச்சு அப்படியே அடங்கியது. ஒருவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். கத்தரியார் முகத்தில் ஈயாடவில்லை. பின்வாங்கி வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

அப்போது, "வாங்க வாங்க! என்ன இந்நேரத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறீங்க?" என்று ஒரு குரல். மூடிப் பிரிவு அம்மா. கூப்பிட்டது இவரை அல்ல, இவர் மனைவியை.

"பகல் டூட்டி கெடைச்சிருச்சுக்கா," என்றாள் மனைவி.

கத்தரியார் திருதிருவென்று விழித்தார். மெதுவாகத்தான் விளங்கியது. இரவு வேலை முடிந்து இவள் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்தில்தான் தினமும் இவர்கள் ஏறுவதற்கு நிற்பார்கள். தூக்கக் கலக்கத்தில் அவள் படியில் தடுக்கியபோதெல்லாம் பிடித்தது யார், நடக்க முடியாத நாட்களில் ஆட்டோ நிறுத்திக் கொடுத்தது யார் என்பதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்? இவர்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் காரில் விசிலடித்துக்கொண்டே போய்விடுகிறவராயிற்றே.

மூடிப் பிரிவு அம்மா அவளையும் அவளுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு நிற்கிற இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இவரா உங்க வீட்டுக்காரர்?"

"ஆமாக்கா."

"கம்பெனி ஒண்ணுல கார் ஓட்டறார்னு சொன்னீங்களே?"

கத்தரியார் மனைவியைப் பார்த்தார். அவள் காது மடல் சிவந்திருந்தது. இரண்டு வருடமாக அவள் இவரைக் கார் ஓட்டுநர் என்று சொல்லி வந்திருக்கிறாள். இவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, கத்தரியின் பெண்டாட்டி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூலைக்கு மூலை நாலு பேர் பயப்படுகிறார்கள் என்று இவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவள் அதை மறைத்து மறைத்து வைத்திருக்கிறாள். காரை விற்றதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள். சாப்பாட்டுப் பை இருந்த அவர் கையை முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டினார்க்கா. இப்ப என்கூட வர்றார்."

பஸ் வந்தது. எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். மனைவிக்கு ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார்கள். இவருக்கு யாரும் இடம் போடவில்லை, போடுவார்கள் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. சீட்டு முதுகில் கையை ஊன்றிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றார். பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. கத்தரியார் கிடங்குக்காரர் தோளில் போய் விழுந்தார்.

"மேல கம்பியைப் பிடிங்க சார்," என்றாள் மூடிப் பிரிவு அம்மா. அவளும் நின்றுகொண்டுதான் வந்தாள். "இன்னும் ரெண்டு திருப்பம் இருக்கு. பழகிடும்."

கம்பியைப் பிடித்தார். மேலே பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நான் கூட்டத்தை ஐந்தரைக்கு வச்சிருக்கக் கூடாது," என்றார்.

"தெரியும் சார். நாங்க பேசிக்காத நாள் இல்லை."

"அடுத்த கூட்டம் இந்த மாசம். மத்தியானம் வைக்கிறேன், எல்லாரும் உள்ள இருக்கிற நேரத்துல. பஸ்ஸைத் திருப்பிக் கேக்கலாம். முதலாளி கேப்பாரான்னு தெரியலை. ஆனா கேக்கலாம்."

"யாரு வந்து பேசறது?"

"அனுபவிக்கிறவங்கதான் பேசணும்." என்றார். "நான் வந்து உக்காரறேன்."

பஸ்ஸில் முதல் தடவையாக ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வண்ணம் பூசுகிறவர் ஒருவர் பின்னாலிருந்து, "நீங்க அந்தப் பக்கம் உக்காந்துட்டா கேள்வி யாரு சார் கேப்பாங்க?" என்றார்.

"எங்க வீட்டுல ஒரு ஆள் இருக்கு. ஒன்பதாவது படிக்குது. கடிகாரத்தையே கழட்டி வாங்கிடும்."

மூடிப் பிரிவு அம்மா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள், முடியவில்லை. அவளிடமிருந்து பின்னால் வரை சிரிப்பு பரவியது. கத்தரியார் மனைவியைப் பார்த்தார், அவளும் சிரிக்கிறாளா என்று. அவள் ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போயிருந்தாள். இரண்டு வருடத்துத் தூக்கம் ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடுமா என்ன?

கம்பெனி வாசல் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கத்தரியார் கம்பியை விடவில்லை.

"சார், இறங்கலையா? லேட்டாயிடும்," என்றாள் மூடிப் பிரிவு அம்மா படியில் நின்று.

"ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் இருக்கேன். இவ இறங்கற இடத்தைத் தூங்கியே விட்டுடுவா," என்றார். "அரை நாள் சம்பளத்தை வெட்டிக்கச் சொல்லுங்க."